பிளெக்கோவின் ஒட்டின வயிறு: நான் திருத்தின விதம்

பிளெக்கோ என்பது மீன்தொட்டியில் வளர்க்கிற, வாயால் ஒட்டிக்கொள்ளும் மீன். அது கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கோ. உள்ளே குழிந்திருந்தால் அது பெரும்பாலும் பட்டினிதான். பாசி தின்று தானாய் வாழும் என்ற கதையை நம்பித்தான் நானும் பிழைவிட்டேன். சின்னத் தொட்டிப் பாசி ஒரு கிழமைக்கும் காணாது.

விளக்கை அணைத்த பிறகு, விரல் மொத்தத்தில் வெட்டின வெள்ளரிக்காயை எவர்சில்வர் முள்ளுக்கரண்டியில் குத்தித் தாழ்த்தினேன். பூசணி என்றால் ஒரு நிமிசம் அவிக்க வேணும். விடிய மிச்சத்தை எடுக்காவிட்டால் தண்ணி கலங்கி நாறும். கிழமைக்கு 4 நாள் மரக்கறி, மற்ற நாள் அடியில் தாழுற வேஃபர் (மீன் தீன் வில்லை) ஒன்று. மூன்றாம் கிழமை வயிறு சமனாகிவிட்டது.

மற்றது தண்ணி. எங்கட யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் இருப்பதால் தண்ணி வன்மை. வலிகாமத் தோட்டப் பக்கங்களில் உரத்தால் வாற நைத்திரேற்று உப்பும் அதிகம். அந்தத் தண்ணியாலேயே எத்தனை தரம் மாற்றினாலும் தொட்டியில் நைத்திரேற்று குறையாது. மழைத்தண்ணியைப் பாதிக்குப் பாதி கலந்து, கிழமைக்குக் கால்வாசி மாற்றுகிறேன். செப்புக் கலந்த மருந்து வேண்டவே வேண்டாம்.

சாதாரண பிளெக்கோ ஓரடிக்கு மேல் வளரும். இரண்டடித் தொட்டிக்கு பிரிசில்நோஸ் என்ற சின்ன வகைதான் சரி; அது 5 அங்குலத்தோடு நின்றுவிடும். பெருத்ததைக் குளத்தில் விடாதேயுங்கோ.