ஜிஆர்இ: படிக்கும் முன் தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதுநிலை, முனைவர் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிஆர்இ என்றதும் பலர் நேராகச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன், சேர விரும்பும் ஒவ்வொரு துறையின் சேர்க்கை விதிகளையும் படியுங்கள். மதிப்பெண் கட்டாயமா, விருப்பமா, அனுப்பினாலும் பார்க்க மாட்டார்களா என்பது ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே துறைக்குத் துறை மாறும். மேலாண்மைப் படிப்பு என்றால் ஜிமேட்டையும் ஏற்பார்கள். அது வேறு தேர்வு.

ஜிஆர்இ பொதுத் தேர்வு 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்டது. இப்போது 1 மணி 58 நிமிடம்தான், இடைவேளை கிடையாது. அதற்கு முந்தைய புத்தகங்களில் உள்ள நேரக் கணக்கை நம்ப வேண்டாம். முதலில் 30 நிமிடத்தில் ஒரே ஒரு கட்டுரை. ஆங்கில மொழிப் பகுதி இரண்டு பிரிவுகள்: 12 கேள்விக்கு 18 நிமிடம், 15 கேள்விக்கு 23 நிமிடம். கணிதமும் அப்படித்தான்: 12 கேள்விக்கு 21 நிமிடம், 15 கேள்விக்கு 26 நிமிடம். ஆக, மொழியில் ஒரு கேள்விக்கு சுமார் ஒன்றரை நிமிடம், கணிதத்தில் ஒன்றே முக்கால்.

முதல் பிரிவை நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் கணினி இரண்டாம் பிரிவின் கடினத்தைத் தீர்மானிக்கிறது. முதல் பிரிவில் சறுக்கினால் எளிய இரண்டாம் பிரிவு வரும். அதில் எல்லாமே சரியாக இருந்தாலும் உச்ச மதிப்பெண்ணை எட்ட முடியாது. ஆனால் ஒரு பிரிவுக்குள் கேள்விகள் மாறுவதில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே எடை. எனவே இரண்டு நிமிடமாகியும் பிடிபடாத கேள்வியைக் குறியிட்டுவிட்டு நகருங்கள். நேரம் இருந்தால் திரும்பி வரலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடாதீர்கள்.

கணிதப் பாடம் பள்ளி அளவைத் தாண்டாது. மதிப்பெண் போவது அவசரத்தால்தான். இரு அளவுகளை ஒப்பிடும் கேள்விகளில் இது நன்றாகத் தெரியும். x², x இரண்டில் எது பெரியது? 2 போட்டால் x² பெரியது, 1 போட்டால் சமம், ½ போட்டால் x² சிறியது. ஆகவே 'தீர்மானிக்க முடியாது' என்பதே விடை. முழு எண் என்று சொல்லாதவரை பூஜ்யம், எதிர்ம எண், பின்னம் மூன்றையும் போட்டுப் பாருங்கள். பொருந்தும் எல்லா விடைகளையும் தேர்வு செய்யச் சொல்லும் கேள்வியில் ஒன்று விடுபட்டாலும் முழுக் கேள்வியும் போய்விடும். மொழிப் பகுதியில் மூன்று கோடிட்ட இடங்கள் உள்ள கேள்விக்கும் இதே விதி. அங்கே விடைகளைப் பார்ப்பதற்கு முன், வாக்கியம் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்து உங்கள் சொல்லை மனத்தில் நிரப்புங்கள். 'ஆனால்', 'இருந்தும்' போன்ற இணைப்புகள் பெரும்பாலும் விடையைச் சொல்லிவிடும்.

தேர்வை நடத்தும் இடிஎஸ் இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. ஒன்றைத் தயாரிப்பின் தொடக்கத்திலும் மற்றதைக் கடைசி வாரங்களிலும் எழுதுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் காரணம் எழுதி வையுங்கள்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தீர்களா, நேரம் போதவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு. இதைச் செய்யாமல் மாதிரித் தேர்வுகளை அடுக்கிக்கொண்டே போவது வீண்.

மொழிக்கும் கணிதத்துக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை மதிப்பெண். கட்டுரைக்கு 0 முதல் 6 வரை. மொழியில் 160 வாங்கியவர் கணிதத்தில் 160 வாங்கியவரைவிடத் தரவரிசையில் வெகு மேலே இருப்பார், காரணம் கணிதத்தில் உயர்ந்த மதிப்பெண் பெறுவோர் அதிகம். ஆகவே எண்ணோடு சதமானத்தையும், அதாவது எத்தனை சதவீதம் பேர் உங்களுக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதையும், பாருங்கள்.

மறுதேர்வுக்கு 21 நாள் இடைவெளி வேண்டும். 12 மாதத்தில் ஐந்து முறை வரை எழுதலாம். அதிகாரப்பூர்வ முடிவு 8 முதல் 10 நாளில் வரும். எனவே விண்ணப்பக் கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே முதல் முயற்சியை வையுங்கள். மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும். எந்த முயற்சியை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஒன்றின் மொழி மதிப்பெண்ணையும் இன்னொன்றின் கணித மதிப்பெண்ணையும் சேர்த்து அனுப்ப முடியாது. பதிவு செய்யும்போது பெயரை அடையாள ஆவணத்தில் உள்ளபடியே எழுதுங்கள்; பொருந்தாவிட்டால் தேர்வறைக்குள் விட மாட்டார்கள், கட்டணமும் திரும்ப வராது.