கொம்பியூட்டருக்குப் பவர் சப்ளை வாங்க முன் எதைப் பார்ப்பது?

யாழ்ப்பாணக் கடைகளில் பவர் சப்ளை கேட்டால் முதலில் காட்டுவது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் ‘500 வாற்ஸ்’. அதை விடுங்கள், லேபலில் +12 வோல்ற் வரியைப் பாருங்கள். அங்கே 18 அம்பியர் என்றிருந்தால் 12×18, வெறும் 216 வாற்ஸ். கிராபிக்ஸ் கார்ட் பூட்டினால் கேமின் நடுவே நின்றுபோகும். நல்ல 500 வாற்ஸில் பெரும்பாலும் 36 அம்பியருக்கு மேல் இருக்கும். ‘80 பிளஸ்’ முத்திரை சொல்வது மின்சிக்கனத்தை, பாதுகாப்பை அல்ல.

பின்னால் 115/230 சுவிட்ச் இருந்தால் 230இல் நிற்கிறதா என்று பாருங்கள். 115இல் விட்டு எங்கள் கறண்டில் செருகினால் படார்தான்.

பழையதைச் சோதிக்க, கொம்பியூட்டர் ஓடும்போதே மல்ரிமீற்றரின் கறுப்பு முனையை மொலெக்ஸ் என்ற நாலு வயர்ப் பிளக்கின் கறுப்பிலும் சிவப்பு முனையை மஞ்சளிலும் வையுங்கள். 11.4–12.6 வோல்ற்றுக்குள் நிற்க வேண்டும். சிவப்பு வயரில் 4.75–5.25. கேம் ஓடவிட்டும் அளந்து பாருங்கள், சும்மா நிற்கையில் எல்லாம் நல்லபிள்ளைதான்.

கேசைத் தொட்டால் கை சுள்ளென்கிறதா? எர்த் இல்லை. அப்போது உள்ளே இருக்கும் வடிகட்டிக் கப்பாசிற்றர்கள் கேசை ஏறக்குறைய 115 வோல்ற்றுக்கு ஏற்றிவிடும். இரண்டு முள் அடாப்டரைத் தூக்கி எறிந்துவிட்டு எர்த் உள்ள சொக்கற்றில் செருகுங்கள். பவர் சப்ளையின் மூடியை மட்டும் கழற்றாதீர்கள்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.