நாள் முழுக்கப் பாட்டு ஓடும் வீடுகளுக்கு

காலையில் போட்ட பாட்டு இரவு வரை ஓடும் வீடு எங்களுடையது. இப்படி ஓடினால் ஆம்பிளிஃபையர் சீக்கிரம் போய்விடாதா என்று கேட்பார்கள். ஓடுவதைவிட சூடுதான் அதற்கு எமன்.

உள்ளே சின்ன டப்பா மாதிரி நின்று மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டரின் மேல் 85 அல்லது 105 டிகிரி என்று அச்சடித்திருக்கும். 105 டிகிரி போட்ட சாதாரண ரகத்துக்கு, அந்தச் சூட்டிலேயே வைத்திருந்தால் 2,000 மணி நேரம்தான் கணக்கு. மூன்று மாதம்கூட வராது! ஆனால் சூடு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 65 டிகிரியில் 32,000 மணி நேரம், அதாவது தினம் 10 மணி நேரம் ஓடினாலும் எட்டு வருஷத்துக்கு மேல்.

அதனால் மூடிய அலமாரி வேண்டாம். ஆம்பிளிஃபையருக்கு மேலே ஒரு சாண் இடம் விடுங்கள், செட்-டாப் பாக்ஸை அதன் தலையில் ஏற்றாதீர்கள். தூசிக்குப் பயந்து நான் பூ வேலை செய்த துணி போட்டு மூடியிருந்தேன். ஒரு நாள் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். மெக்கானிக் திறந்து காட்டினார், கெபாசிட்டர் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஸ்பீக்கர் கதை வேறு. கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம், பாடினாலும் பாடாவிட்டாலும் வருஷங்கள் போனால் பொடிந்து உதிரும். வளையத்தை மட்டும் மாற்றலாம், ஸ்பீக்கரைத் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம், ஆம்பிளிஃபையரை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும்.