சோலார் கொட்டேஷன்: அடியில இருக்குற மொத்தத்தை மட்டும் பார்க்காதீங்க

குளச்சல் பக்கம் எங்க மொட்டை மாடிக்கு 3 கிலோவாட் சோலார் போட மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினேன். ஒருத்தர் மத்திய அரசு தர்ற 78,000 ரூபாய் மானியத்தைக் கழிச்சே விலை போட்டிருந்தார். அந்தப் பணம் பிறகு நம்ம பேங்க் கணக்குக்குத்தான் வரும். அதனால மூணையும் மானியம் கழிக்காம, வாட்டுக்கு எவ்வளவுன்னு போட்டுப் பார்த்தேன். பாதி வித்தியாசம் அதிலேயே கரைஞ்சுபோச்சு.

மீதி வித்தியாசம் பேனலைத் தாங்குற ஸ்டாண்டுல இருந்தது. விலை குறைச்சவர் எழுதியிருந்தது வெறும் பெயின்ட் அடிச்ச இரும்பு. கடல்காத்துல எங்க ஜன்னல் கம்பியே துருப்பிடிச்சுப் பொரிஞ்சு உதிருது, இதுல அது எத்தனை நாளைக்கு! ஹாட் டிப் கால்வனைஸ் (உருகின துத்தநாகத்துல முக்கியெடுத்த) பைப், எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) போல்ட்னு எழுதிக் கேட்டேன். பேனல் டிசிஆர் தானான்னும், அதாவது செல்லும் பேனலும் இந்தியாவுலயே செஞ்சதான்னும் கேட்டேன். உள்நாட்டு செல் இல்லைன்னா மானியம் கிடையாது. எர்த்திங், நெட் மீட்டர் (நாம லைனுக்குக் கொடுக்குற, எடுக்குற கரன்ட் ரெண்டையும் அளக்குறது) செலவையும் சேர்த்ததும் நடுவிலைக்காரர்தான் மலிவா நின்னார். தென்னை நிழல் விழுற மூலையைத் தவிர்க்கச் சொன்னதும் அவர் ஒருத்தர்தான்.