ஒளிர் நானோத் துகள்கள்: உயிர்ச் செல்லைப் படமெடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடன்குடிக் கருப்பட்டிக் கரைசலை டெஃப்ளான் உறையிட்ட எஃகுக் கலனில் அடைத்து, 180 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சூடேற்றினால் கிடைக்கும் பழுப்பு நீர், 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். அதைக் கண்டவுடன், செல்லுக்குள் இட்டுப் படமெடுக்க உதவும் கார்பன் புள்ளிகள் (ஒளிரும் நானோ அளவுக் கார்பன் துகள்கள்) உருவாகிவிட்டதாக முடிவு கட்டுவதே, திருநெல்வேலி வட்டாரக் கல்லூரி ஆய்வகங்களில் நான் அடிக்கடி காணும் தவறு. சர்க்கரை சிதையும்போது ஒளிரும் சிறு மூலக்கூறுகளும் உண்டாகின்றன.

மாணவி ஒருவர் அந்த நீரை, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே கசியவிடும் டயாலிசிஸ் பையில் கட்டி, காய்ச்சி வடித்த நீரில் ஓர் இரவு போட்டு வைத்திருந்தார். காலையில் வெளி நீரைக் கொட்டப் போனவரை நிறுத்தி, விளக்கைக் காட்டச் சொன்னேன். பைக்குள் இருந்ததைவிட வெளி நீரே பளிச்சென்று ஒளிர்ந்தது. வெளி நீர் ஒளிராமல் போகும்வரை நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு அதற்கு நான்கு நாள் பிடித்தது. முருங்கை இலையிலிருந்து தயாரிப்போர், 670 நானோமீட்டரையொட்டிச் சிவப்பொளி தெரிந்தால் முதலில் பச்சையத்தையே சந்தேகிக்க வேண்டும்.

செல்லுக்கும் சொந்த ஒளி உண்டு. ஃபிளேவின் போன்ற பொருள்கள் நீலம், பச்சைப் பகுதிகளில் தாமாகவே ஒளிர்வதால், துகள் இடாத செல்களையும் அதே விளக்கு, அதே ஒளிபடு நேரம், அதே உணர்திறன் ஆகியவற்றோடு படமெடுத்து அருகில் வைக்காத படத்தை நான் சான்றாக ஏற்பதில்லை.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 4 நானோமீட்டர் என அளந்த துகள், உடலிலும் அதே அளவில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மேற்பூச்சு அந்தப் படத்தில் பெரும்பாலும் தெரியாது. இரத்தத்தில் புரதங்களும் வந்து ஒட்டும். இவையும் சேர்ந்த அளவு ஏறத்தாழ 5.5 நானோமீட்டரைத் தாண்டினால் சிறுநீரகம் எளிதில் வெளியேற்றாமல், துகள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடக்கூடும். குவாண்டம் புள்ளிகளுக்கு (ஒளிரும் குறைக்கடத்தி நானோத் துகள்களுக்கு) 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததாலேயே, நச்சு உலோகமான காட்மியம் கலந்த புள்ளிகளை நோயாளியின் உடலுக்கு ஏற்றவை என்று எழுதிவிடவும் கூடாது.

செல்கள் உயிரோடு உள்ளனவா என்பதை நிற அடர்த்தியால் அளக்கும் எம்டிடி சோதனை செய்வோர், சோதனைத் தட்டில் செல் இல்லாத குழிகளில் துகளை மட்டும் இட்டு ஒரு வரிசை கட்டாயம் வைக்க வேண்டும். இல்லையேல் பழுப்புத் துகள் தானே ஒளியை உறிஞ்சி, செத்த செல்லையும் உயிருள்ளதாகக் காட்டிவிடும்.