‘தி திங்’ படங்கள் இரண்டையும் ஒரே ராத்திரியில் பார்த்து, ஜந்துகளைப் பற்றி உருப்படியாகப் பேசுவது எப்படி

நான் பல் லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, அக்ரிலிக்கில் பல் செட்டாக முடித்துக் கொடுப்பது என் தொழில். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. அதனால் சினிமாவில் ஒரு ஜந்து வாயைத் திறந்தால் என் கண் நேராக அதன் ஈறுக்குத்தான் போகும். நல்ல ஈறு வழவழவென்று ஒரே ரோஸ் நிறத்தில் இருக்காது. ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிக் குழிகள் இருக்கும். அந்தக் குழிகளுக்காக மெழுகை டூத் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுப்போம். அது இல்லாவிட்டால் எவ்வளவு அழகான செட்டும் பிளாஸ்டிக்காகத் தெரியும்.

இந்தக் கண்ணோடு நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ‘தி திங்’. அன்டார்டிகா பனியில் இருக்கும் ஆராய்ச்சி முகாமுக்குள், நாய், மனிதன் என்று எந்த உயிரின் உருவத்தையும் நகலெடுக்கும் வேற்றுக்கிரக ஜந்து புகுந்துவிடும் கதை. 1982-இல் ஜான் கார்பென்டர் எடுத்தது ஒன்று, அது அமெரிக்க முகாமில் நடக்கிறது. அதற்கு முன் நார்வே நாட்டுக்காரர்களின் முகாமில் நடந்த கதையாக 2011-இல் மத்தைஸ் ஃபான் ஹைனிங்கன் ஜூனியர் எடுத்தது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர். இதைப் பற்றி ரசிகர்கள் பேச உட்கார்ந்தால் பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது: பழசு சூப்பர், புதுசு கிராபிக்ஸ் மட்டம். அந்த இரண்டு வரிக்குள் பேச வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. எங்கள் வீட்டு மாடியறையில் ஆறேழு பேர் உட்கார்ந்து பலமுறை பார்த்து, சண்டை போட்டு, எனக்குப் பிடிபட்ட முறை இது.

முதலில் வரிசை. கதைப்படி 2011 படம் முன்னால் வருகிறது என்பதற்காக அதை முதலில் போடாதீர்கள். 1982 படத்தின் பெரிய பயமே, அந்த நார்வே முகாமில் என்ன நடந்தது என்று தெரியாமல் இருப்பதுதான். எரிந்துபோன கட்டடம், கதவில் செருகி நிற்கும் கோடரி, நாற்காலியில் உறைந்துபோன மனிதர், வெளியே பனியில் இரண்டு முகங்கள் ஒட்டிக்கிடக்கும் கருகிய பிணம். பார்ப்பவர் மனசு அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. முன்கதையை முதலில் பார்த்துவிட்டால் அந்த முகாமைச் சுற்றிப் பார்க்கும் காட்சி வெறும் சரிபார்ப்பாகிவிடும். 1982, சாப்பாடு, 2011, அப்புறம் மறுபடியும் 1982-இன் முதல் சில நிமிடங்கள். இதுதான் வரிசை. முதல் படம் 109 நிமிடம், இரண்டாவது 103. மாலை ஆறுக்கு ஆரம்பித்தால் பேசுவதற்கும் நேரம் இருக்கும்.

யாரை அழைப்பது என்பதும் முக்கியம். சின்னப் பிள்ளைகள் வேண்டவே வேண்டாம். நாய் வளர்ப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நாய்க்கூண்டுக் காட்சியை அவர்களால் தாங்க முடியாது. என் அக்கா அந்த இடத்தில் எழுந்து கீழே போய்விட்டார். அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அறையை நன்றாக இருட்டாக்குங்கள். டிவியில் படத்தை மழமழவென்று ஓடவைக்கும் ஒரு வசதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் ரப்பராகவே தெரியும். முதல் ஓட்டத்தில் எங்கேயும் நிறுத்தாதீர்கள். நிறுத்திப் பார்ப்பது எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

சாப்பிட்டு முடித்ததும் 1982 படத்தில் இரண்டு இடங்களைத் திரும்பப் போடுங்கள். முதலாவது, ஜந்தே தெரியாத ஒரு ஷாட். நாய் ஒன்று நடைபாதையில் சத்தமில்லாமல் நடந்து, ஒரு வாசலில் நின்று, உள்ளே பார்த்துவிட்டுப் போகிறது. அவ்வளவுதான். ஜெட் என்ற அந்த நாய் பாதி ஓநாய் இனம். வாலாட்டவில்லை, மோப்பம் பிடிக்கவில்லை, கேமராப் பக்கம் திரும்பவில்லை. அந்த அமைதியே உடம்பைச் சில்லிட வைக்கிறது. ஜந்து எஃபெக்ட் என்ற பேச்சை இங்கிருந்து தொடங்குங்கள். நல்ல ஜந்துப் படத்தில் ஜந்து வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும்.

இரண்டாவது, மின்அதிர்ச்சிக் காட்சி. மேசையில் கிடப்பவருக்கு நெஞ்சடைப்பு. டாக்டர் இரண்டு கருவிகளையும் அவர் மார்பில் அழுத்துகிறார். மார்பு பிளந்து வாயாகிறது, ஓரத்தில் பல். டாக்டரின் இரண்டு முன்கைகளும் அதற்குள் போய்விடுகின்றன. இதைச் செய்தவர் ராப் பாட்டின். வேலையில் இறங்கியபோது இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். டாக்டர் பாத்திரத்துக்குப் பதிலாக, நிஜமாகவே இரண்டு கைகளும் இழந்த ஒருவரை நிற்கவைத்து, நடிகரின் முகம்போல ஒரு முகமூடி மாட்டி, போலிக் கைகளைப் பொருத்தினார்கள். கைக்குள் மெழுகு எலும்பு, ரப்பர் ரத்தக்குழாய், ஜெல்லி. பிய்ந்து வரும்போது இழுபட்டு, ஒரு கணம் தாங்கி, அப்புறம் விடுகிறது பாருங்கள். அந்த ஒரு கணத் தாங்கலை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மெழுகு உடைவதற்கும் ரப்பர் அறுவதற்கும் உள்ள வித்தியாசம் அதில் இருக்கிறது. தினமும் மெழுகை உடைக்கிற கைக்கு அது உடனே தெரிகிறது.

அதே காட்சியில் தலை உடம்பிலிருந்து நீண்டு பிரிகிறது. உருக்கிய பிளாஸ்டிக், பபுள்கம் எல்லாம் போட்டு அந்த நூல்நூலான சதையை வரவழைத்திருக்கிறார்கள். அந்தப் பொருள்களிலிருந்து கிளம்பிய ஆவி அறையில் தேங்கியிருந்தது தெரியாமல் கேமராவுக்கு முன்னால் நெருப்பு வைக்க, பொம்மையே பற்றிக்கொண்டது. மறுபடி சரிசெய்து எடுத்தார்கள். பாட்டின் ஸ்டுடியோவிலேயே தங்கி ஒரு வருஷத்துக்கும் மேல் இடைவிடாமல் உழைத்து, முடிவில் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. நாய்க்கூண்டு ஜந்துவை மட்டும் ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்துகொடுத்தது. கீழேயிருந்து கையை விட்டு ஆட்டிய பொம்மை அது.

ஒளிப்பதிவாளர் டீன் கண்டியையும் மறக்காதீர்கள். ஜந்து முழுவதும் ஒரே வெளிச்சத்தில் தெரியாதபடி சின்னச் சின்ன விளக்குகளால் இங்கே ஒரு ஈரம், அங்கே ஒரு மடிப்பு என்று தேர்ந்தெடுத்துக் காட்டியிருக்கிறார். எங்கள் லேபில் பல் செட்டைப் பார்க்க ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். ஈரமான பரப்பில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாக உட்காரும், காய்ந்த பரப்பில் பரவிவிடும். பேச்சில் யாராவது “நிஜம் மாதிரி இருக்கு” என்று சொன்னால், “எந்த இடத்தில்?” என்று கேளுங்கள். விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அநேகமாக அந்த விரல் இந்த ஈரப் பொட்டில்தான் போய் நிற்கும்.

சரி, இனி 2011 படம். இங்கே ஒரு கண்டிப்பான விதி வைத்திருக்கிறேன்: படம் முடியும்வரை அதன் தயாரிப்புக் கதையை யாரும் சொல்லக்கூடாது. ஒருமுறை என் சித்தப்பா பையன் முதல் ஐந்து நிமிடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அதற்குப் பிறகு அறையில் யாரும் படத்தைப் பார்க்கவில்லை. குறை தேடிக்கொண்டிருந்தோம்.

இந்தப் படத்தைப் பார்க்கும்போது மூன்று இடங்களை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கருகிய ஜந்துவை மேசையில் போட்டு அறுக்கும் காட்சி. உள்ளே பாதி உருவாகிய மனிதன் இருக்கிறான். அவன் கையில் எப்போதோ வைத்த உலோகத் தகடு சதைக்கு வெளியே கிடக்கிறது. கையுறை அந்தச் சதையை அழுத்தும்போது அது குழிகிறது, நடிகர்களின் கண் சரியாக அந்தக் குழியைப் பார்க்கிறது. எதிரில் ஒரு பொருள் இருந்தால்தான் அந்தப் பார்வை வரும்.

இரண்டாவது, பல் சோதனை. ஜந்துவால் உயிருள்ள சதையைத்தான் நகலெடுக்க முடியும், உலோகத்தை முடியாது. குளியலறையில் ரத்தத்தோடு கிடக்கும் பல் ஃபில்லிங்குகளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கிறாள் மேரி எலிசபெத் வின்ஸ்டெட் நடித்த கேட். அப்புறம் ஒவ்வொருவர் வாயிலும் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். என் தொழில் என்பதால் சொல்லவில்லை, இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் எனக்கு மிகவும் பிடித்த யோசனைகளில் இது ஒன்று. கதை நடக்கும் 1982, அமால்கம் என்கிற கறுத்த உலோக ஃபில்லிங் வாய்க்கு வாய் இருக்கக்கூடிய காலம். அதே சமயம், பல் சொத்தையே வராத மனிதனும் இருப்பான். ஃபில்லிங் இருந்தால் மனிதன். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. இந்தப் பாதி நிச்சயம்தான் அந்தக் காட்சியின் பயம். ஒரு டார்ச், திறந்த வாய், பின்னால் காத்திருக்கும் தீவீச்சுத் துப்பாக்கி. கிராபிக்ஸ் ஒரு துளி இல்லை. புதுப் படம் முழுக்க மட்டம் என்று சொல்பவரிடம் இந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்டுங்கள்.

மூன்றாவது, எட்வர்ட் என்பவர் உடம்பு பிளந்து, ஆடம் என்பவர் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் இடம். பனியில் கிடந்த அந்த இரட்டை முகத்தின் பிறப்பு இது. இங்கேதான் நானும் வருத்தப்படுகிறேன். இரண்டு தோலும் ஒட்டும் இடத்தில் எங்கேயும் ஒரு தடங்கல் இல்லை. வழுக்கிக்கொண்டு போய் ஒன்றாகிவிடுகின்றன. சதை அப்படி வழுக்காது.

படம் முடிந்த பிறகு கதையைச் சொல்லுங்கள். அலெக் கில்லிஸ், டாம் உட்ரஃப் ஜூனியர் இருவரின் அமால்கமேட்டட் டைனமிக்ஸ் குழு இந்தப் படத்துக்காக நிஜமான ஜந்துகளைச் செய்தது. கேபிளில் இயங்கும் முகங்கள், ஆள் உள்ளே போய் நடிக்கும் உடைகள், எல்லாம். படப்பிடிப்பிலும் அவை இருந்தன. பிறகு திரைக்கு வரும்போது பெரும்பாலானவற்றின் மேல் கம்ப்யூட்டர் ஜந்து ஏறிவிட்டது. அந்தக் குழு தங்கள் பட்டறை வீடியோக்களை யூடியூபில் போட்டபோதுதான் ரசிகர்களுக்கு விஷயம் புரிந்தது. அந்த வீடியோவை இப்போது போடுங்கள். அந்த இரட்டை முகம் பட்டறை வெளிச்சத்தில், பெயின்ட் அடித்த சதையாக, மெல்ல வாயைக் கோணுவதைப் பாருங்கள். எங்கள் அறையில் அந்த நேரம் யாரும் பேசுவதில்லை. ரசிகர்களின் ஆதரவைப் பார்த்து, கில்லிஸ் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் மக்களிடம் பணம் திரட்டி, கையால் செய்த ஜந்துகளை வைத்தே ‘ஹார்பிஞ்சர் டவுன்’ என்ற படத்தை இயக்கி 2015-இல் வெளியிட்டார்.

இதற்குப் பிறகு வரும் பேச்சில் ஒன்றை மட்டும் அனுமதிக்காதீர்கள்: கம்ப்யூட்டரில் வேலை செய்தவர்களைத் திட்டுவது. அந்த வேலையைச் செய்த இமேஜ் என்ஜின் நிறுவனம்தான் ‘டிஸ்ட்ரிக்ட் 9’ படத்தின் வேற்றுக்கிரகவாசிகளையும் செய்தது. அந்தப் படத்தில் நாம் கண்ணீர் விட்டிருக்கிறோம். திறமைக்குக் குறைவில்லை. எதை எதால் செய்வது என்ற முடிவைப் பற்றிப் பேசுங்கள், பேச்சு நீளும். 1982 படத்தில் காட்டும் வீடியோவில் நார்வேக்காரர்கள் கடும் சூட்டில் எரியும் தெர்மைட் கலவையை வைத்துப் பனியை உடைக்கிறார்கள், 2011 படத்தில் ஜந்துவின் விண்கப்பல் வெளியே வரும் விதம் வேறு. இதையும் கிளப்பிவிட்டால் இன்னும் ஒரு மணி நேரம் ஓடும். கோடரி எப்படிக் கதவில் ஏறியது என்பதுவரை தேடித்தேடிப் பொருத்திய படக்குழு இதில் மட்டும் ஏன் விலகியது என்று எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

முடிந்தால் அன்றைக்கு ஒரு சின்ன வேலையும் செய்து பாருங்கள். பல் மருத்துவப் பொருள் கடையில், பல் அச்செடுக்கும் அல்ஜினேட் பவுடர் கிடைக்கும். குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் வேகமாகக் கலக்கி, ஒரு டம்ளரில் ஊற்றி, விரலை விட்டு அசையாமல் வைத்திருங்கள். சில நிமிடத்தில் இறுகிவிடும். விரலை மெல்ல உருவி, அந்தக் குழியில் உடனே பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஊற்றுங்கள். காத்திருந்தால் அல்ஜினேட் சுருங்கிவிடும். பாரிஸ் சாந்துக்குள் நேராக விரலை விடாதீர்கள், இறுகும்போது அது சூடாகும், புண்ணாகிவிடும். முகத்தில் இதைச் செய்து பார்க்கவே கூடாது. முக்கால் மணி நேரம் கழித்து அல்ஜினேட்டை உரித்தால் உங்கள் விரல் வெளியே வரும். நகத்தோரம் பிய்ந்த தோல், மூட்டின் மேல் சுருக்கம், ரேகை, எல்லாம். ஜந்து செய்பவர்களும் நடிகர் உடம்பில் இப்படித்தான் அச்செடுக்கத் தொடங்குகிறார்கள். அதன் மேல் களிமண்ணில் உருவம் செதுக்கி, மறுபடி அச்செடுத்து, நுரை லேடெக்ஸ் ஊற்றி அடுப்பில் வேகவைத்து, பெயின்ட் அடித்து, கேபிள் கோத்து. அந்த வெள்ளை விரலைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்க்கும்போது இரட்டை முகத்தைப் பற்றிய பேச்சு தானாக மாறும்.

கடைசியாக, 2011 படத்தின் முடிவு எழுத்துகள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். நடுவில் ஹெலிகாப்டர் வரும், நாய் ஓடும், 1982-இன் இசை கேட்கும். அங்கேயே நிறுத்தி, தாமதிக்காமல் பழைய படத்தை முதலிலிருந்து போடுங்கள். வெள்ளைப் பனி, நாய், துரத்தும் துப்பாக்கி. அமெரிக்க முகாமில் இறங்கும் நார்வேக்காரர் அவர் மொழியில் கத்துகிறார். அது நாயில்லை, ஏதோ ஒன்று, விலகிப் போங்கள் என்கிறார். முகாமில் ஒருவருக்கும் அது புரியாது. ஆறு மணிக்குப் பார்த்தபோது நமக்கும் அவர் வெறும் பைத்தியக்காரர்தான். இப்போது அவர் கூட்டாளிகளின் பெயர்கூட நமக்குத் தெரியும்.