ஹிட்லர் வருவதற்கு முன்பே நடந்தவை: ஆயுதக் குறைப்பு பற்றிச் சில தவறான கணக்குகள்

"பன்னாட்டுச் சங்கம் ஆயுதங்களைக் குறைக்கப் பார்த்தது, ஹிட்லர் வந்தார், எல்லாம் போச்சு." இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட கதையைப் பலர் இப்படி ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். இதில் பாதிதான் சரி.

சங்கம் என்பது முதல் உலகப் போருக்குப் பின் நாடுகள் சேர்ந்து அமைத்த அமைப்பு (League of Nations). ஆயுதம் நிஜமாகவே குறைந்தது அதற்கு வெளியே. அமெரிக்கா சங்கத்தில் உறுப்பினரே இல்லை. ஆனால் 1921 நவம்பரில் வாஷிங்டனில் கடற்படை மாநாட்டைக் கூட்டியது அதுதான். வழக்கமான வரவேற்புரையாக இருக்கும் என்று வந்து உட்கார்ந்தவர்கள் முன்னால், வெளியுறவு அமைச்சர் ஹியூஸ் எந்தெந்தக் கப்பலைக் கைவிட வேண்டும் என்று பெயர் சொல்லியே வாசித்தார். பிரிட்டன், ஜப்பான் கப்பல்களையும் விடவில்லை.

அங்கே பிறந்ததுதான் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பானுக்கான 5:5:3 விகிதம். இதை மொத்தக் கடற்படைக்கும் பொருத்திப் பார்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. விகிதம் பெரும் போர்க்கப்பல்களுக்கும் விமானந்தாங்கிகளுக்கும் மட்டுமே. அவற்றைவிடச் சிறிய போர்க்கப்பலான க்ரூசர் ஒவ்வொன்றும் 10,000 டன்னையும், அதன் பீரங்கி 8 அங்குலத்தையும் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். எத்தனை கட்டலாம் என்பதற்கு வரம்பே இல்லை. அப்புறம் என்ன, எல்லோரும் சரியாக 10,000 டன்னில் க்ரூசர் கட்ட இறங்கினார்கள். 1927இல் ஜெனீவாவில் இதைப் பேசிப் பார்த்தும் ஒத்துவரவில்லை. 1930இல் லண்டனில்தான் கடிவாளம் விழுந்தது.

இன்னொரு வேடிக்கை: பாதியில் நின்ற சில பெரிய கப்பல்களை விமானந்தாங்கிகளாக மாற்றிக்கொள்ள ஒப்பந்தமே அனுமதித்தது. ஜப்பானின் அகாகியும் காகாவும் அப்படி உருவானவை. 1941இல் பேர்ல் ஹார்பரைத் தாக்கப் போனதில் இரண்டும் இருந்தன.

1928 கெல்லாக்–பிரியான் ஒப்பந்தத்தை ஆயுதக் குறைப்புப் பட்டியலில் சேர்க்காதீர்கள். போரைக் கைவிடுவதாக அது சொன்னது. ஒரு துப்பாக்கியைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. 1925 ஜெனீவா நெறிமுறையும் நச்சுவாயுவைப் போரில் பயன்படுத்துவதைத்தான் தடுத்தது, தயாரிப்பதை அல்ல. அதை ஏற்ற இத்தாலியே 1935–36இல் எத்தியோப்பியாவில் கடுகு வாயுவை வீசியது.

சரி, ஹிட்லர்? சங்கம் ஜெனீவாவில் கூட்டிய ஆயுதக் குறைப்பு மாநாட்டிலிருந்து 1933 அக்டோபரில் ஜெர்மனியை வெளியேற்றியவர் அவர்தான். ஆனால் அவர் பதவிக்கு வரும் முன்பே, 1932இல், ஆயுத விஷயத்தில் மற்ற நாடுகளுக்குச் சமமான உரிமை கேட்டு ஜெர்மனி ஒருமுறை வெளிநடப்புச் செய்து திரும்பியிருந்தது. அந்த மாநாடு தொடங்கிய 1932 பிப்ரவரி 2 அன்றே சகுனம் சரியில்லை. ஷாங்காயில் ஜப்பான் குண்டு வீசிக்கொண்டிருந்ததால் சங்கத்தின் கவுன்சில் அவசரமாகக் கூடியது. அதனால் ஆயுதக் குறைப்பு மாநாடு ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.